செருப்பு ரப்பரில் செதுக்கிய மாடு

திருத்தணி தாலுகா ஆபீசுக்கு எதிர்ச் சந்தில் சுந்தரமூர்த்தியின் கடை இருக்கிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், கல்யாணப் பத்திரிகை என்று போர்டில் எத்தனை எழுதியிருந்தாலும் ஊர்க்காரர்களுக்கு அது ஸ்டாம்ப் கடைதான். கடை உள்ளே, மின்விசிறிக்குக் கீழே, பதினோரு வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ரப்பர் ஸ்டாம்ப் செய்கிறவள் கனிமொழி. தலைமையாசிரியர், ஊராட்சித் தலைவர், வக்கீல், நோட்டரி என்று சுற்றுவட்டாரத்தில் மை தொட்டுக் காகிதத்தில் குத்துகிறவர்களில் பாதிப் பேருடைய ஸ்டாம்பு அவள் கையிலிருந்து போனதுதான். ஸ்டாம்பில் எழுத்து இடம் வலம் மாறித்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு நேர் எழுத்தைவிடக் கண்ணாடி எழுத்துதான் வேகமாகப் படிக்க வந்தது. பஸ்ஸில் டிரைவர் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்து, பின்னால் வரும் லாரியின் நெற்றியில் எழுதியிருப்பதை ஒரு நொடியில் சொல்லிவிடுவாள்.

வீடு ஆர்.கே.பேட்டைக்கும் பள்ளிப்பட்டுக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில். ஒன்றேகால் ஏக்கர் நிலம், அதில் ஒரு போகம் நெல், ஒரு போகம் வேர்க்கடலை. கொட்டகையில் இரண்டு கறவை மாடு. கணவன் சந்திரமோகன் அதிகம் பேசாத விவசாயி. ஆந்திர எல்லைப்பக்கத்துக் குடும்பங்களில் வழக்கம்போல அவனை அவள் பாவா என்றுதான் கூப்பிடுவாள். காலையில் பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றி, சோறு வடித்துவிட்டு, ஏழு நாற்பது பஸ்ஸைப் பிடித்தால் திருத்தணியில் கடை திறக்கிற நேரத்துக்குச் சரியாக இருக்கும். இந்த ஓட்டத்தில் அவள் காலண்டர் செய்யப்போகிறாள் என்று யாராவது சொல்லியிருந்தால் அவளே சிரித்திருப்பாள்.

அதற்குக் காரணம் பக்கத்து வீட்டு ரத்தினம்மாள். கணவன் போன பிறகு மூன்று மாடுகளை வைத்துத் தனியாகவே சமாளிக்கிற பெண். ஐம்பத்தைந்து வயது, வெடுக்கென்ற பேச்சு, ஊரில் யாருக்கும் பயப்படாத நடை. மாட்டுக்குச் சினை ஊசி போட்ட நாளைக் கொட்டகைச் சுவரில் கரியால் ஒரு கோடு இழுத்து வைப்பாள். அதன் பிறகு அமாவாசைக்கு அமாவாசை ஒரு கோடு. ஒன்பது கோடு தாண்டிவிட்டால் வீட்டை விட்டு எங்கேயும் போகமாட்டாள். பள்ளிக்கூடம் போகாத பெண்ணுக்குச் சுவர்தான் நோட்டுப் புத்தகம். ரூபாயும் பஸ் நம்பரும் பழகியதால் எண்கள் தெரியும், எழுத்துதான் தெரியாது.

ஒரு ஆவணியில் மகளுக்கு வளைகாப்பு வைத்தாள். வீட்டை வெள்ளையடிக்க வந்த மருமகன், சுண்ணாம்பு மிச்சமாகிறதே என்று கொட்டகைச் சுவரையும் பளிச்சென்று அடித்துவிட்டான். கோடுகள் போய்விட்டன. எத்தனை கோடு இருந்தது என்று ரத்தினம்மாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். ஏழு என்று மனசு ஒரு சமயம் சொன்னது, எட்டு என்று இன்னொரு சமயம் சொன்னது. ஏழுதான் என்று நம்பி, புரட்டாசியில் ஒருநாள் சம்பந்தி வீட்டுக்கு அம்மையார்குப்பம் போயிருந்தாள். அன்றைக்குப் பார்த்து மாடு கன்று போட்டது. பக்கத்தில் ஆள் இல்லை. கன்று வழுக்கிக் கொட்டகைச் சாக்கடையில் விழுந்து, மூச்சு முட்டிச் செத்துப்போயிருந்தது.

செய்தி கேட்டு ஓடிப்போன கனிமொழியிடம் ரத்தினம்மாள் அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மாப்பிள்ளய ஒண்ணும் சொல்லாத. அது நல்லதுக்குத்தான் அடிச்சுது. நாந்தான் எழுதப் படிக்கத் தெரியாம செவுத்த நம்பிகினு இருந்தேன்."

அந்த வார்த்தை கனிமொழியின் மனதில் தங்கிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நகைக்கடைக்காரர்கள் கொடுத்த காலண்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள்.

"அத்த, இதுல ஊசி போட்ட நாளுக்கு ஒரு வட்டம் போட்டுக்கோ. செவுரு வேணாம்."

ரத்தினம்மாள் காலண்டரை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒவ்வொரு கட்டத்திலும் ராகு காலம், எமகண்டம், நட்சத்திரம், யோகம், அதற்கும் கீழே ஏதோ பொன்மொழி.

"இன்னா கண்ணு இது, கட்டத்துக்குள்ள எறும்பு ஊர்ற மாரி கீது. வட்டம் எங்க போடறது? எது எந்த மாட்டுக்குப் போட்டேன்னு எப்டித் தெரியும்?"

கனிமொழி காலண்டரைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். மூன்று மாட்டுக்கும் ஒரே வட்டம் போட்டால் குழப்பம்தானே. வட்டம் ஊசிக்கா, கறவை நிறுத்தியதற்கா, டாக்டர் வந்துபோனதற்கா? பெயர் எழுதத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே அந்தக் கட்டங்கள் உதவும் என்பது அவளுக்கு அதுவரை தோன்றியதே இல்லை. பதினோரு வருஷமாக எழுத்தோடு பழகிய கை, முதல் தடவையாக எழுத்தில்லாமல் யோசித்தது.

வீட்டில் சந்திரமோகனின் ரப்பர் செருப்பு ஒன்று வார் அறுந்து கிடந்தது. அதன் அடிப்பாகத்தைக் கழுவிக் காயவைத்து, கடையில் பயன்படுத்துகிற பிளேடால் தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டு வெட்டினாள். அதில் ஒரு மாட்டைச் செதுக்கினாள். கைப்பிடிக்கு, பக்கத்து ஊர் நெசவுத் தறிக்காரர்கள் தூக்கிப்போடுகிற நூல் சுற்றும் பிளாஸ்டிக் குழாயை அறுத்து ஒட்டினாள். ஊதா மை தொட்டு ஒரு தாளில் குத்தி ரத்தினம்மாளிடம் காட்டினாள்.

ரத்தினம்மாள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "நாய் நல்லாத்தான் கீது. மாடு எங்க?"

"அத்த, இது மாடுதான்."

"மடி எங்கடி? மடி இல்லாத மாட்ட எவ வெச்சிகினு இருப்பா? கொம்பு வேற ஆட்டுக்கொம்பு. எங்க செவலைக்குக் கொம்பு இப்டி உள்ள வளையும். கருப்பிக்கு ஒரு கொம்பு ஒடிஞ்சது. சின்னதுக்குக் கொம்பே இல்ல. மூணும் வேற வேறதான?"

மூன்று மாட்டுக்கும் மூன்று ஸ்டாம்பு. இது தனக்குத் தோன்றாமல் போயிற்றே! கனிமொழி அன்றைக்கே திரும்பவும் உட்கார்ந்தாள். மாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்து வரையாமல், கட்டியிருக்கிற கம்பத்துக்கு எதிரே நின்று முகத்தை மட்டும் வரைந்தாள். செவலைக்கு உள்வளைந்த கொம்பு, கருப்பிக்கு ஒற்றைக் கொம்பு, சின்னதற்கு நெற்றிச் சுழி. மடி வேண்டும் என்பதில் ரத்தினம்மாள் விடவில்லை. அதனால் ஊசி போட்ட நாளுக்கு முகம், கன்று போட்ட நாளுக்கு மடி என்று முடிவாயிற்று. கறவை நிறுத்தினால் கவிழ்த்து வைத்த செம்பு.

கிருத்திகைக்கு ஒரு வேல் வேண்டும் என்று கனிமொழி அதே செருப்புத் துண்டில் பிளேடை வைத்தபோது ரத்தினம்மாள் கையைப் பிடித்துவிட்டாள்.

"அடிப் பாவி! செருப்புலயா வேலு?"

கனிமொழி பிளேடை எடுத்துவிட்டாள். "மாடு மட்டும் பரவால்லியா அத்த?"

"மாடு சாணியில நிக்குது. அது ஒண்ணும் சொல்லாது. முருகன் மலை மேல நிக்கறான்."

வேலுக்காகத் திருத்தணி ஸ்டேஷனரி கடையில் புது ரப்பர் ஒன்று வாங்கிவந்தாள். வெள்ளை ரப்பர், பள்ளிப் பிள்ளைகள் அழிக்கிறது. அதை மஞ்சள் தண்ணீரில் கழுவி, அப்புறம்தான் செதுக்கினாள்.

இனி காலண்டர். சேலைப் பெட்டி அட்டையைச் சந்திரமோகன் மூங்கில் அரிகிற கத்தியால் நேராக வெட்டிக் கொடுத்தான். எதற்கு என்று கேட்கவில்லை. ஆங்கில மாதத்துக்கு ஒரு அட்டை. பழைய தினசரிக் காலண்டரிலிருந்து பெரிய எண்களைக் கத்தரித்து மைதா பசையால் ஒட்டினாள். கட்டங்கள் உள்ளங்கை அகலம். தறியில் வெட்டித் தள்ளுகிற கரைத்துணி ஓரம். மாதத்தின் தலையில் எழுத்துக்குப் பதில் படம். வேர்க்கடலைத் தோலை ஒட்டி ஒரு மாதம், வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி மையில் தொட்டுக் குத்திய பூக்களில் ஒரு மாதம், மாவிலையின் நரம்பை அச்செடுத்து ஒரு மாதம்.

கிழமைகளுக்குத்தான் சிரமமாக இருந்தது. ஞாயிறுக்குச் சூரியனும் திங்களுக்கு நிலாவும் பெயரிலேயே இருந்தன. செவ்வாய்க்கு வேல், வெள்ளிக்குக் குத்துவிளக்கு, சனிக்குக் காக்கா. புதன் என்றால் என்ன என்று கேட்டதற்கு ரத்தினம்மாள் யோசிக்காமல் சொன்னாள்: "கீரக்காரி வர்ற நாளு." ஆக புதனுக்குக் கீரைக்கட்டு. வியாழனுக்குக் கொண்டைக்கடலை, குரு பகவானுக்கு மாலை போடுவார்களே, அது. ஸ்டாம்பைத் தொட்டுக்கொள்ளத் தலைவலித் தைல டப்பாவில் பஞ்சு வைத்து மை ஊற்றிக் கொடுத்தாள்.

முதல் காலண்டர் ஐப்பசியில் கொட்டகையில் தொங்கியது. பத்தே நாள். அடைமழையில் சாரல் அடித்து, குத்தியதெல்லாம் ஊதாக் கண்ணீராக ஒழுகி, செவலையின் முகம் கீரைக்கட்டு வரைக்கும் இறங்கியிருந்தது. அட்டை ஊறி உப்பி, வேர்க்கடலைத் தோலை எலி தின்றுவிட்டது. ரத்தினம்மாள் அதைக் கழற்றிக் கையில் கொடுத்தபோது கேலி செய்வாள் என்று கனிமொழி பயந்தாள். அவள் செய்யவில்லை.

"இன்னொண்ணு செய். நான் ரெண்டு தடவ சும்மா குத்திப் பாத்தேன். நல்லா வந்துச்சு. கைக்குப் பழகிடிச்சு."

கனிமொழி இதைப்பற்றி சுந்தரமூர்த்தியிடம் சொன்னாள். அவர் நல்ல மனிதர், மெஷினை நம்புகிறவர். படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கடை மெஷினிலேயே பாலிமர் ஸ்டாம்பாக எடுத்துக் கொடுத்தார். கொம்பின் ரேகை, கண்ணிமை எல்லாம் நுணுக்கமாக வந்திருந்தது. ஆசையாகக் கொண்டுபோனாள். ஆனால் கொட்டகையின் மங்கலான வெளிச்சத்தில் மூன்று மாடும் ஒன்றுபோலத் தெரிந்தன. மெல்லிய கோடுகள் மையை விழுங்கிக்கொண்டு அடைத்துக்கொண்டன. செருப்பு ரப்பர் அப்படி இல்லை. அழுத்திக் குத்தினாலும், சாணி மெழுகிய கையால் கோணலாகக் குத்தினாலும் தடியாக, தெளிவாக விழுந்தது. இந்த வேலைக்கு எது சரி என்பதை அன்றைக்கு அவள் தானே கண்டுபிடித்தாள். சுந்தரமூர்த்தியிடம் போய் மெஷின் ஸ்டாம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

"உங்குது நல்லாருக்குதுண்ணா. ஆனா அது ஆபீசுக்கு. கொட்டாய்க்கு என்னுதுதான் சரி."

பதினோரு வருஷத்தில் அவள் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "சரிம்மா. செருப்பு வேணும்னா சொல்லு, என் வூட்லயும் கிடக்குது."

மழைக்கு வழியைச் சந்திரமோகன் சொன்னான். அம்மையார்குப்பத்தில் சேலைகளை மடித்து வைக்கிற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கவர் இருக்கிறதே, அதில் மாத அட்டையைச் சொருகிவிட்டால் போதும். குத்தவேண்டிய அன்றைக்கு வெளியே எடுத்துக் குத்தி, காயவிட்டு, திரும்பச் சொருகிக்கொள்ளலாம். அவன் சொன்னது நான்கு வார்த்தைதான். "பொடவ கவருல போடு, கனி." அவளுக்கு அவனைக் கட்டிக்கொள்ளவேண்டும் போலிருந்தது.

மார்கழி முடிவதற்குள் புதுக் காலண்டர் தயாராயிற்று. தை பிறந்ததும் அதை ரத்தினம்மாள் கொட்டகையில், மழை படாத மூலையில், ஆணி அடித்து மாட்டினார்கள். தை எட்டாம் தேதி செவலைக்குச் சினை ஊசி. ஜனவரி அட்டையில் அந்த நாளின் கட்டத்தில் உள்வளைந்த கொம்போடு ஒரு முகம் விழுந்தது. சினை நிற்கவில்லை. மூன்று வாரம் கழித்து, தை கடைசி நாளில், மாடு பருவத்துக்கு வந்து திரும்பக் கத்தியது. மறுபடியும் ஊசி, பிப்ரவரி அட்டையில் மறுபடியும் ஒரு முகம். இந்தத் தடவை நின்றுவிட்டது. கனிமொழி ஒன்பது மாசம் பத்து நாள் எண்ணிப் பார்த்து, நவம்பர் அட்டையில் பத்தொன்பதாம் தேதிக் கட்டத்தில் மஞ்சள் சேலைத் துணியில் பொட்டு மாதிரி ஒரு வட்டம் வெட்டி ஒட்டினாள். அந்த நாளையொட்டிக் கன்று போடவேண்டும்.

நவம்பர் எட்டாம் தேதி, இரண்டாம் சனிக்கிழமை. தாலுகா ஆபீஸ் லீவு என்பதால் ஸ்டாம்பு கடையும் லீவு. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு கனிமொழி துணி அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கொட்டகையிலிருந்து ரத்தினம்மாளின் குரல் கேட்டது. அந்தக் குரலில் எப்போதும் இருக்கிற வெடுக்கு இல்லை.

ஓடிப்போய்ப் பார்த்தால் செவலை நிற்கமுடியாமல் எழுவதும் படுப்பதுமாக இருந்தது. வயிறு ஒரு பக்கம் பானை போல உப்பி, வாயில் நுரை. ஏற்கெனவே நாலு பேர் கூடியிருந்தார்கள். நடுவில் மாட்டுத் தரகர் முனியன். நாற்பது வருஷமாக மாடு வாங்கி விற்கிறவர், மாட்டைப் பார்த்தே பல் எத்தனை என்று சொல்கிறவர்.

"நாள் தாண்டிப்போச்சு. தை பொறந்து ஒரு வாரத்துல ஊசி போட்டாங்க, நான் பக்கத்துல நின்னுகினு இருந்தேன். இப்ப பத்து மாசம் ஓடிப்போச்சு. உள்ள கன்னு செத்திருக்கும். ஊசி போட்டு வெளிய எடுக்கணும், இல்லன்னா மாடும் போய்டும்."

அவர் பொய் சொல்லவில்லை. தை எட்டாம் தேதி அவர் நிஜமாகவே அங்கே நின்றிருந்தார். பிறகு நடந்தது அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லவேண்டிய ரத்தினம்மாளோ, போன வருஷத்துக் கன்று கண் முன்னால் வந்து நிற்க, மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மாட்டு டாக்டர் குருநாதன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். புதிதாக வேலைக்கு வந்த இளைஞர். தோள்வரைக்கும் உறை மாட்டி, கையை உள்ளே விட்டுப் பார்த்தார்.

"கன்னு உயிரோட இருக்குது. ஆனா இன்னும் கர்ப்பப்பை வாசல் திறக்கல. ஊசி என்னைக்குப் போட்டீங்க?"

"தை ஒரு வாரத்துல, சார்," என்றார் முனியன்.

டாக்டர் மனதுக்குள் கணக்குப் போட்டார். முகம் இறுகியது. "அப்படின்னா இருநூத்தித் தொண்ணூறு நாள். ரொம்ப தாண்டிடுச்சு. பிரசவ ஊசி போட்டுட வேண்டியதுதான்." பையைத் திறந்தார்.

"சார், ஒரு நிமிஷம்," என்றாள் கனிமொழி.

அவள் மூலையில் தொங்கிய சேலைக் கவரைக் கழற்றினாள். அட்டைகளை உருவினாள். தான் செய்த பொருளை ஒரு டாக்டர் முன்னால் நீட்டுவது அவளுக்குப் பழக்கமில்லாத காரியம். அதற்குள் ரத்தினம்மாள் எழுந்து வந்துவிட்டாள். அட்டையை அவளே வாங்கி, விரலை வைத்தாள்.

"இங்க பாருங்க சார். இது செவலை மூஞ்சி. தை எட்டு. நிக்கல. இங்க பாருங்க, மறுபடியும் மூஞ்சி. கீரக்காரி வந்த அன்னிக்கு. அதுதான் நின்னுச்சு. நானே குத்தினேன். தப்பு வராது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். முனியன் நவம்பர் அட்டையில் ஒட்டியிருந்த மஞ்சள் வட்டத்தைப் பார்த்து, "துணிய ஒட்டினா மாடு அந்த தேதிக்குக் கன்னு போட்டுடுமா?" என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. அட்டையை வெளிச்சத்துக்கு எடுத்துப்போனார். இரண்டு முகங்களையும் பார்த்தார். கொம்பைப் பார்த்தார், திரும்பி மாட்டின் கொம்பைப் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்துத் தேதிகளைத் தட்டிக் கணக்குப் பார்த்தார்.

"இருநூத்தி அறுபத்தொன்பது நாள். இன்னும் பத்துப் பன்னெண்டு நாள் இருக்குது. இப்ப ஊசி போட்டிருந்தா குறைப்பிரசவம்." பையிலிருந்து எடுத்ததை உள்ளே வைத்து மூடினார். "இதுக்கு வேற காரணம். காலைல என்ன தீனி போட்டீங்க?"

மழையில் நனைந்த வேர்க்கடலைக் கொடி. ஈரத்தோடு வயிறு முட்டத் தின்றிருந்தது. வயிற்று உப்புசத்துக்கு மருந்து ஊற்றினார்கள். முன்கால்களை மேட்டில் நிற்கவைத்து இடதுபக்க வயிற்றைத் தேய்க்கச் சொன்னார் டாக்டர். சந்திரமோகனும் முனியனும் மாறி மாறித் தேய்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் செவலை நீளமாக ஒரு ஏப்பம் விட்டது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் மாடு அசைபோட ஆரம்பித்தது.

அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் காலையில், ரத்தினம்மாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, செவலை கிடாரிக் கன்று போட்டது. தாயைப்போலவே சிவப்பு. நெற்றியில் மட்டும் வெள்ளை. கன்று எழுந்து நின்று பால் குடிக்கிறவரைக்கும் காத்திருந்துவிட்டு, ரத்தினம்மாள் கையைக் கழுவிக்கொண்டு போய், இருபதாம் தேதிக் கட்டத்தில் மடி ஸ்டாம்பை அழுத்திக் குத்தினாள். மஞ்சள் வட்டத்துக்கு அடுத்த கட்டம். "ஒரு நாளு தள்ளிப் போச்சு பாரு," என்று கனிமொழியிடம் குறை சொன்னாள். ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு.

அடுத்த வாரம் டாக்டர் குருநாதன் திருத்தணிக் கடைக்கு வந்தார். தன் மருந்தகத்துக்கு முத்திரை செய்யவேண்டும் என்று சுந்தரமூர்த்தியிடம் பேசிக்கொண்டிருந்தவர், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்.

"நீங்கதானே அந்த மாட்டுக் காலண்டர் செஞ்சவங்க?"

கனிமொழி எழுந்து நின்றாள். "ஆங், சார்."

"உட்காருங்க, உட்காருங்க. நான் ஊர் ஊரா போறேன். போற இடத்துல எல்லாம் முதல் கேள்வி ஊசி என்னைக்கு போட்டீங்கன்னுதான். பாதிப் பேருக்குத் தெரியாது, மீதிப் பேர் குத்துமதிப்பா சொல்வாங்க. அன்னைக்கு அந்தம்மா விரல் வெச்சுக் காட்டுன மாதிரி இதுவரைக்கும் யாரும் காட்டல." பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டார். "எனக்கு ஒரு முப்பது செஞ்சு தர முடியுமா? ஒரே மாதிரி இருந்தாப் போதும். கிராமத்துல கொடுத்துடுவேன்."

சுந்தரமூர்த்தி அவளைப் பார்த்துத் தலையாட்டினார், சரி என்று சொல் என்பதுபோல. ஆனால் கனிமொழி சொன்னது வேறு.

"ஒரே மாரி முப்பது முடியாது சார். யார் வூட்ல எத்தினி மாடு, எது கொம்பு எப்டின்னு பாத்துதான் செய்வேன். அவங்க மாடு அவங்களுக்குத் தெரியணும். நீங்க ஜனங்கள வரச்சொல்லுங்க. நான் செய்றேன்."

டாக்டர் சிரித்தார். "சரிங்க. நீங்க சொல்றதுதான் சரி."

அவர் போன பிறகு சுந்தரமூர்த்தி டீ வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார். எப்போதும் அவருக்கும் வாடிக்கையாளருக்கும் மட்டும் வரும் டீ, அன்றைக்கு அவள் மேஜைக்கும் வந்தது.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பால் சொசைட்டிக் கட்டடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தாள். மாட்டின் போட்டோவைச் செல்போனில் எடுத்துவாருங்கள், வீட்டில் அறுந்த ரப்பர் செருப்பு இருந்தால் கொண்டுவாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டிருந்தார். பதினெட்டுப் பெண்கள் வந்தார்கள். பதினெட்டுப் பேர் கையிலும் பையில் செருப்பு. வாசலில் தாங்கள் கழற்றிவிட்டு வந்த நல்ல செருப்பு எது, வெட்டுவதற்குக் கொண்டுவந்தது எது என்று தெரியாமல் கடைசியில் ஒருத்தியின் புதுச் செருப்பில் பாதி மாடாகிவிட்டது. அவள் கத்தினாள், எல்லோரும் சிரித்தார்கள், பிறகு அவளும் சிரித்தாள். சந்திரமோகன் ஒரு பக்கம் உட்கார்ந்து அட்டை வெட்டினான். ரத்தினம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குத்துவது எப்படி என்று வந்தவர்களுக்குக் காட்டினாள்.

"மைய அள்ளாத. தொட்டா போதும். வெச்சு ஒரு அழுத்து, அப்புறம் நேரா தூக்கு. இழுத்தா மூஞ்சி கோணிக்கும்."

மாட்டோடு ஆரம்பித்தது மாட்டோடு நிற்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை செய்கிற மகன் வீட்டுக்கு வரும் நாளுக்கு ஒரு ஸ்டாம்பு வேண்டும் என்றாள் ஒருத்தி. அவனுக்கு அடையாளமாக ஒரு பைக். கேஸ் சிலிண்டர் மாட்டிய நாளுக்கு ஒன்று. முழங்கால் ஊசிக்கு ஒன்று. கூட்டம் குறைந்த பிறகு அம்மு என்ற இளம்பெண் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவளிடம் மாடு இல்லை. அவள் கணவன் தறியில் வேலை செய்கிறவன்.

"அக்கா, எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். எங்க வூட்டுக்காரரு குடிக்காத நாளுக்கு."

கனிமொழி பிளேடைக் கீழே வைத்தாள். "அதுக்கு இன்னா படம் போடட்டும்?"

அம்மு மேஜையில் கிடந்த ஸ்டாம்புகளைப் பார்த்தாள். "எதுனா பூ போடுக்கா. அவருக்கும் பிடிக்கிற மாரி. அவர் கண்ணுல படற எடத்துலதான் மாட்டுவேன்."

கனிமொழி அன்றைக்குச் செதுக்கியதிலேயே நேரம் எடுத்துச் செதுக்கியது அந்தப் பூதான். ஐந்து இதழ், நடுவில் ஒரு புள்ளி. செவலை முகத்துக்குக்கூட அவ்வளவு பொறுமையாகப் பிளேடு பிடித்ததில்லை. அதற்கு மட்டும் ஊதா மை கொடுக்காமல், சிவப்பு மை ஊற்றிய டப்பா ஒன்றைத் தனியாகக் கொடுத்தாள்.

தை பிறந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஏழு நாற்பது பஸ்ஸுக்காக கனிமொழி வேகமாக நடந்துகொண்டிருந்தாள். முதல் வீட்டில் ஒருத்தி வாசலில் நின்று கூப்பிட்டாள், கருப்பு மாட்டுக்கு நேற்று ஊசி போட்டாயிற்று, குத்தியது சரியா என்று வந்து பார்த்துவிட்டுப் போ என்று. பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. நாலு வீடு தாண்டியதும் முனியன் குறுக்கே நின்றார்.

"ஏம்மா, எங்கூட்டுக்காரிக்கு நீ செஞ்சு குடுத்தியே, அந்த மாட்டுக்கு எடது கொம்பு இன்னும் கொஞ்சம் வளையணும். நான் பாத்த மாட்டுல இப்டி ஒரு கொம்பு கெடையாது."

"ஞாயித்துக்கெழம வந்து பாத்து வளைச்சுத் தரேன் பெரியப்பா."

"ஆங். வா. வந்து பாரு." அவர் போகவில்லை. "நல்லாத்தான் செஞ்சிருக்க," என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

தெருக்கோடியில் அம்மு காத்திருந்தாள். கையில் சேலைக் கவர். உள்ளே ஜனவரி அட்டை. கனிமொழி குனிந்து பார்த்தாள். முதல் வாரத்தில் ஒன்றும் இல்லை. அதன் பிறகு ஒரு சிவப்புப் பூ. இரண்டு கட்டம் காலி. மறுபடியும் பூ, பூ, பூ. கடைசி இரண்டு பூக்கள் கொஞ்சம் கோணலாக, மை அப்பிக் கிடந்தன.

"இது ரெண்டும் அவரே குத்தினது," என்றாள் அம்மு.

தூரத்தில் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. கனிமொழிக்குக் கேட்டது, ஆனால் நிமிரவில்லை. ஒவ்வொரு பூவையும் எண்ணி முடித்த பிறகுதான் செல்போனை எடுத்தாள்.

"அண்ணா, இன்னிக்குக் கொஞ்சம் லேட்டாவும். எட்டரை பஸ்லதான் வருவேன்."

"இன்னாம்மா ஆச்சு, ஒடம்பு சரியில்லயா?" என்றார் சுந்தரமூர்த்தி.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லண்ணா. வழியெல்லாம் நிறுத்திக் காலண்டர் காட்டறாங்க. பாக்காம எப்டிண்ணா வர்றது?"